மேஸ்திரி தூக்கிய கை

கட்சி உடைந்த அன்று மேஸ்திரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் சர்க்கரை லோடு. மழையில் நனைந்து வந்த மூட்டைகள். ஒவ்வொன்றும் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துத் தோளிலேயே உட்கார்ந்துகொண்டது. அதனால் மண்டபத்தில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடிதான் அவர் அந்தச் சரித்திர நிகழ்ச்சியைப் பார்த்தார். சரித்திர நிகழ்ச்சி என்று சொன்னது மேடையில் இருந்தவர்கள். மேஸ்திரிக்கு அது ஒரு நீளமான கூட்டம், அவ்வளவுதான்.

அவருக்குப் பின்னால் இரண்டு வரிசையில் அவருடைய ஆட்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். ரயில் பாதையை ஒட்டித் தகரக் கூரை போட்டு, ஒரு தெரு நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் அரசாங்கக் கிடங்கு அது. அங்கே மூட்டை தூக்குவதற்கு உடம்பில் வலு இருந்தால் மட்டும் போதாது. கட்சியின் சங்க அட்டையும் இருக்க வேண்டும். கிடங்கு நிர்வாகத்தோடு சங்கம் போட்ட ஒப்பந்தம் அப்படி. அட்டை இருக்கிறவனுக்கு முறை வரும், காயம் பட்டால் வைத்தியம் நடக்கும், வயதானால் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும். அட்டை இல்லாதவன் கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

கிடங்கில் காது வேலை செய்யாது. லாரி எஞ்சின், தகரத்தில் விழும் மழை, சரக்கு வண்டி போகும் சத்தம் என்று எப்போதும் ஒரே இரைச்சல். ஆகவே அங்கே கண்ணால்தான் பேச்சு. லாரிக்குப் போட்ட பலகையின் முனையில் மேஸ்திரி நிற்பார். லாரி பின்னால் வரப்போகிறது என்றாலோ, அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிகிறது என்றாலோ கையை உயரத் தூக்குவார். பார்த்தவன் ஒவ்வொருவனும் இருந்த இடத்திலேயே நின்று தன் கையைத் தூக்க வேண்டும், பார்த்துவிட்டேன் என்பதற்கு. கடைசி ஆளின் கை மேலே போகும் வரை மேஸ்திரி தன் கையை இறக்கமாட்டார். முன்பு ஒருவன் தூக்காமல் விட்டு, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிப் போனான். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரியின் கை மேலே போனால் மற்றக் கைகள் தாமாகப் போகும். கொட்டாவி மாதிரி.

அன்றைய கூட்டம் எதற்கென்றால், தலைநகரில் கட்சித் தலைவர் ஒரு சட்டத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். கிடங்குகளை எல்லாம் தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிற சட்டம். கட்சியின் பொதுச்செயலாளர் அதை எதிர்த்தார். முதலில் அறைக்குள் சண்டை, பிறகு பத்திரிகையில் சண்டை, பிறகு ஊர் ஊராகக் கூட்டம். யார் யார் பக்கம் என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் பேசியவர் கிடங்குச் சங்கத்தின் செயலாளர். கண்ணாடி என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். முகத்தில் பாதி கண்ணாடிதான். மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சங்க அறையில் எழுத்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தது அவர்தான். மேஸ்திரி நாற்பது வயதுக்கு மேல் தன் பெயரைத் தானே எழுதியது அங்கேதான். அதுவரை பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்தவர். அந்த நன்றி அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

கண்ணாடி நன்றாகவே பேசினார். பொய்யும் பேசவில்லை. "கிடங்கு கை மாறினா உங்க அட்டையை எடுத்துக் காது குடையலாம்" என்றார். மண்டபம் சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைவரோட இருக்கறவங்க இருங்க. மனச்சாட்சியோட வர்றவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

மேஸ்திரி கையைத் தூக்கினார். அது அவருடைய கை, அவருடைய மனச்சாட்சி, அவ்வளவுதான் நினைத்தார். இடுப்பு வலியில் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. மேடையில் இருந்தவர்கள் திடீரென்று அவர் இருந்த பக்கம் பார்த்துக் கைதட்டினார்கள். போட்டோக்காரன் ஓடி வந்து பளிச்சென்று ஒரு படம் எடுத்தான். அப்போதுதான் அவர் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தார்.

பின்னால் பதினோரு கைகள் மேலே இருந்தன.

மேடையைப் பார்க்காமல் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ரேடியோ என்று பேர் வாங்கியவன் பக்கத்து ஆளோடு பேசுவதை நிறுத்தாமலே கையைத் தூக்கி வைத்திருந்தான். எல்லாருக்கும் மூத்தவரான பெருசு பாதித் தூக்கத்தில் தூக்கியிருந்தார். மேஸ்திரியின் மச்சினன் கம்பி மட்டும் தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்தான், யாருடைய கை இது என்பது போல.

மேஸ்திரி சட்டென்று கையைக் கீழே போட்டார். அவர்களும் போட்டார்கள். ஆனால் படம் எடுத்தாகிவிட்டது.

மறுநாள் பத்திரிகையில் அது முதல் பக்கத்தில் வந்தது. ‘கிடங்குத் தொழிலாளர்கள் கட்சியிலிருந்து ஒட்டுமொத்தமாக விலகல்.’ மேஸ்திரி எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரமாவது நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கிடங்குக் கேட்டில் தொப்பி நின்றிருந்தார். தலைவர் பக்கம் நின்ற சங்கத்துக்கு அவர்தான் இனிப் பொறுப்பு. வெயிலோ மழையோ தலையில் தொப்பி இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. தூங்கும்போதும் அதுதான் என்று ரேடியோ சத்தியம் செய்வான்.

"வாங்க மேஸ்திரி. நேத்து நல்லா இருந்துச்சு போட்டோ. நீங்க கொஞ்சம் கண்ணை மூடிட்டீங்க" என்றார் தொப்பி.

"உள்ள விடுங்க. லோடு நிக்குது."

"லோடுக்கு ஆள் வந்தாச்சு. நீங்கதான் மனச்சாட்சியோட போயிட்டீங்களே. மனச்சாட்சிக்குத் தனியா ஒரு கேட் வைப்பாங்க, அங்க போங்க."

"நான் கை தூக்கினது எனக்கு. இவங்களை விடுங்க."

தொப்பி பதினோரு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "அப்படியாப்பா? இவர் சொல்றார், நீங்க யாரும் தூக்கலியாமே. தூக்கலேன்னு ஒருத்தன் சொல்லு, உள்ள விடறேன்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் பத்திரிகையில் முகம் வந்தவன் தெருவில் நின்று அதை எப்படி இல்லை என்று சொல்வான்? அதுவும் மேஸ்திரி முன்னால்? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கம்பி மட்டும் வாயைத் திறந்தான். அவன் தலைவரின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருப்பவன். மூத்த பையனுக்குத் தலைவரின் பேரையே வைத்தவன்.

"தூக்கினோம். தூக்கினா தூக்கினதுதான்" என்றான் கம்பி.

திரும்பி நடக்கும்போது மேஸ்திரி அவன் பக்கத்தில் போனார். "ஏண்டா, நீ தலைவர் ஆளாச்சே. நீ எதுக்குடா தூக்கினே?"

"நானா தூக்கினேன்? அதுவா போச்சு மாமா." சிறிது தூரம் நடந்துவிட்டுக் கேட்டான்: "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

 முன்பே சொல்ல வேண்டும் என்று மேஸ்திரிக்குத் தோன்றவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது? சாயங்காலம் கண்ணாடி வீட்டுக்கே வந்து தோளைத் தட்டினார். "பதினோரு பேரையும் திரட்டிக்கிட்டு வந்தீங்களே மேஸ்திரி, மலை மாதிரி நின்னீங்க" என்றார். மேஸ்திரியின் மனைவி கதவருகே நின்று பெருமையும் பயமுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரட்டவில்லை என்று சொல்ல மேஸ்திரி வாயெடுத்தார். அதற்குள் டீ வந்துவிட்டது. அதன்பிறகு அதைச் சொல்ல அவருக்கு வாய்க்கவே இல்லை.

இப்படித்தான் அந்த ஊரில் புதுக் கட்சி பிறந்தது. பேர் விஷயத்தில் பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. பழைய பேருக்கு முன்னால் ‘உண்மை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். டயர் கடை மாடியில் ஓர் அறை. ஏறும்போது ஒருவன் ஏறினால் இறங்குகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய மாடிப்படி. முதல் வருஷம் அந்தப் படியில் இடம் கிடைக்காது, அவ்வளவு கூட்டம். கொடி கட்டுவது, தட்டி தூக்குவது, நாற்காலி அடுக்குவது எல்லாம் மேஸ்திரியின் ஆட்கள்தான். பகலில் அவர்கள் சிமெண்ட் கடைகளிலும் மர வாடிகளிலும் கிடைத்த லோடு ஏற்றினார்கள். முறை கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அது அவரவர் கால். இருந்தாலும் ஒரு ரோஷம் இருந்தது. தேர்தல் வந்தது. ஊரில் ஓர் இடத்தைப் பிடித்தார்கள். ஆட்டம் பாட்டம் என்று தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. ரேடியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். "வாழ்க்கை பூரா மூட்டை தூக்கினேன், இன்னிக்குத்தான் நான் மூட்டை" என்று அவன் மேலேயிருந்து கத்தினான்.

கிடங்கைத் திரும்ப வாங்கித் தருவோம் என்றார் கண்ணாடி. சட்டம் மாறும் என்றார். சட்டம் மாறவில்லை.

இரண்டாவது தேர்தலில் ஓர் இடமும் வரவில்லை. தோற்ற கட்சிக்குள் எப்போதும் நிறைய நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் உண்மை என்று சண்டை வந்தது. பொதுச்செயலாளரோடு கண்ணாடி, மேஸ்திரியின் ஆட்கள் என்று பாதிப் பேர் இருக்க, மற்றப் பாதி ‘உண்மை’க்குப் பின்னால் ‘மக்கள்’ என்று ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டு பிரிந்தது. இருந்த ஒரே அறையில் நடுவே தட்டி மறைப்பு வைத்து இரண்டு கட்சி நடந்தது. மின்விசிறி அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் ஜன்னல்.

"இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்தா கட்சிப் பேரு லாரி நீளத்துக்கு வந்துடும். நாமளே ஏத்தி இறக்கலாம்" என்றான் ரேடியோ. யாரும் அதிகம் சிரிக்கவில்லை. பெருசுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கம்பியின் இளைய மகளுக்கு இழுப்பு. இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் அந்தக் குழந்தை மூச்சு வாங்குகிற சத்தம். கிடங்கு அட்டை இருந்தபோது சங்க வைத்தியரிடம் கொண்டு போவார்கள். இப்போது எங்கே கொண்டு போவது என்று கம்பி ஒரு தடவைகூட மேஸ்திரியிடம் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் மேஸ்திரிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் ரேடியோ டீக்கடையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு, "மேஸ்திரி, நம்ம கட்சி செத்துப் போச்சு" என்றான். பொதுச்செயலாளரும் தலைவரும் ஒரே மாலைக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற படம். குடும்பத்தில் சின்ன மனஸ்தாபம் இருந்ததாம். தீர்ந்துவிட்டதாம். அந்தச் சட்டத்தைப் பற்றிச் செய்தியில் ஒரு வரி கூட இல்லை. மேஸ்திரி தேடித் தேடிப் பார்த்தார்.

அன்றே கண்ணாடி ஆள் விட்டார். டயர் கடை மாடிக்கு வேண்டாம், பழைய சங்க அறைக்கே வரச் சொன்னார். அவர் அங்கே தன் பழைய நாற்காலியில், விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல உட்கார்ந்திருந்தார். எதிரே தொப்பி. இருவரும் பிஸ்கட்டுக்கு ஒரே தட்டில் கை வைத்தார்கள்.

"உட்காருங்க மேஸ்திரி" என்றார் கண்ணாடி. "நல்ல சேதி. பேசி முடிச்சாச்சு. கிடங்கை எடுத்த கம்பெனி சங்கத்துக்கு ஒரு பங்கு வேலை ஒதுக்கியிருக்கு. உங்க ஆளுங்களுக்கும் கேட்டு வாங்கியிருக்கேன். ஆறு அட்டை."

"நாங்க பன்னிரண்டு பேர்."

"தெரியும். ஆறுதான் கிடைச்சுது."

"அதுவே பெருசு. எங்க ஆளுங்களை நிறுத்திட்டுத்தான் தர்றோம்" என்றார் தொப்பி, பிஸ்கட்டை டீயில் முக்கியபடி.

மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். "நாங்க அப்ப வெளிய வந்தது அந்தச் சட்டத்துக்காகத்தானே? அது இருக்குதா, போயிடுச்சா?"

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவர் முகம் யாரோ ஒருவருடைய முகமாக இருந்தது. "உள்ள இருந்துக்கிட்டுப் போராடணும் மேஸ்திரி. வெளிய நின்னு என்னத்தைக் கண்டோம்? சரி, அதெல்லாம் மேல பேசிக்கிறது. நாளைக்குக் காலையில ஆறு பேரை அனுப்புங்க. யார் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. உங்க ஆளுங்க, நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது. எனக்குத் தெரியாதா?"

மேஸ்திரி படியிறங்கினார்.  ஆறு பேரைச் சொல்வது என்றால் மற்ற ஆறு பேரை அறுத்துவிடுவது. அவர் பிழைக்கிற பிழைப்பில் ஒரு கூட்டம் என்பதுதான் சொத்து. தனி ஆளுக்கு எந்தக் கடைக்காரனும் லோடு கொடுக்கமாட்டான்.

வீட்டில் மனைவி சேதியைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என் தம்பியை முதல்ல சொல்லுங்க" என்றாள்.

"மத்தவனுக்கும் அக்கா இருக்கா."

"இருக்கட்டும். அந்தக் குழந்தை மூச்சு விடறதை நீங்க கேட்டீங்களா இல்லியா? உங்களுக்குப் பின்னால கை தூக்கினான்கிறதுக்காக அவனை எத்தனை வருஷம் வெளிய நிக்க வைப்பீங்க?"

"யாரையும் நான் சொல்லப்போறதில்லை. அவங்களே பேசி முடிவு பண்ணட்டும். தடவைக்குத் தடவை என் கையைப் பாத்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நல்லா இருக்கு" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

மத்தியான வெயில் தணிந்ததும் மர வாடிக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். அறுத்த பலகைகள் மேல் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி ஒளிக்காமல் சொன்னார். ஆறு அட்டை, நாளைக் காலை, யார் யார் என்று நாமே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

 வாடிக்குள் ரம்பம் ஒரு மரத்தை முழுசாக அறுத்து முடித்தது. பதினோரு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்கப்பா. பேசுங்க."

"என்ன பேசறது மேஸ்திரி? நீங்க சொல்லுங்க, நாங்க போறோம். இல்ல, இருக்கோம்" என்றான் ரேடியோ. 

"நான் சொல்லமாட்டேன். இது அவங்கவங்க வயிறு. அவங்கவங்கதான் சொல்லணும்."

கம்பி எழுந்தான். ஒல்லியான உடம்பு நிமிர்ந்தபோது உண்மையாகவே முறுக்குக் கம்பி மாதிரி இருந்தது. அத்தனை வருஷமாக அக்கா புருஷன் என்று நீங்க போட்டுப் பேசியவன், அன்று அதை விட்டுவிட்டான்.

"யாரையும் ஒரு வார்த்தை கேக்காம எங்களை வெளிய கூட்டிட்டு வந்தே. இப்ப உள்ள போறதுக்கு மட்டும் எங்களைக் கேக்கறியா?"

மேஸ்திரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

"நான் உங்களைக் கூட்டிட்டு வரலைடா" என்றார். இத்தனை வருஷமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நான் எனக்காகத் தூக்கினேன். நீங்க தூக்கினது எனக்குத் தெரியவே தெரியாது. திரும்பிப் பாத்தா எல்லார் கையும் மேல இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பெருசு மெதுவாக, "அப்போ நீங்க சொல்லி நாங்க வரலியா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் குரல் அது.

"இல்லை."

"இவ்வளவு நாளா நான், மேஸ்திரி ஏதோ கணக்குப் போட்டுத்தான் பண்ணியிருப்பாருன்னு..." பெருசு முடிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

கம்பி சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "நல்லாருக்கு. கொண்டு போனவனும் இல்லை, போனவனும் இல்லை. காத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருக்கோம். சரி. அது போகட்டும். இன்னிக்கு யாராவது ஒருத்தன் சொல்லித்தானே ஆகணும்? நாங்க பேசினா அடிச்சுக்குவோம். நாளைக்கு ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்கமாட்டோம். அந்தப் பழியை எங்க தலையில கட்டிட்டு நீ நல்லவனாப் போயிடலாம்னு பாக்கறே."

அது உண்மை என்று மேஸ்திரிக்கு உறைத்தது. ஜனநாயகம், அவரவர் விருப்பம் என்று அவர் நினைத்துக்கொண்டு வந்ததற்கு அடியில், தப்பித்தால் போதும் என்ற ஒன்றும் பதுங்கிக் கிடந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வாடிக்காரன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கதவடைக்க வந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

மேஸ்திரி எழுந்து நின்றார். ஒவ்வொருவராகப் பார்த்தார். யாருக்கு வயசுப் பிள்ளைகள், யாருக்கு முதுகு இன்னும் தாங்கும், யார் வெளியே இருந்தால் முதலில் நொடித்துப் போவான் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ரேடியோவைச் சொன்னார். அவனுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணன் தம்பி இருவரைச் சொன்னார். இளைய ஆட்கள் இரண்டு பேரைச் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் பலகை மேல் யாரோ அசைந்து உட்கார்ந்தார்கள். அது சொல்லப்பட்டவனா சொல்லப்படாதவனா என்று அவர் பார்க்கவில்லை. கடைசியில், "ஆறாவது கம்பி" என்றார். "நான் இல்லை. மத்தவங்க என்னோட இருங்க. முடிஞ்ச வரைக்கும் பாத்துக்கலாம்."

"எனக்கு வேண்டாம்" என்றான் கம்பி.

"டேய், குழந்தையை நினைச்சுப் பேசு."

"குழந்தையை நினைச்சுத்தான் ராத்திரி பகலா பேசிட்டு இருக்கேன், எனக்குள்ளயே. நீ சொல்லி ஒரு தடவை போனேன். இல்ல, நீ சொல்லாமயே போனேன். ரெண்டாவது தடவை வேண்டாம்." அவன் பெருசு பக்கம் திரும்பினான். "கிடங்குல கிழிஞ்ச கோணி தைக்கிற வேலை இருக்கு. உட்கார்ந்து செய்யலாம். வெளிய அந்த மாதிரி ஒண்ணு கிடையாது. இவருக்கு முட்டி போயிடுச்சு, ஒரு மூட்டைக்கு மேல தூக்க முடியாது. இவரை எழுதிக்கச் சொல்லு. என் இடம் இவருக்கு."

மேஸ்திரி அந்தக் கோணி வேலையை நினைக்கவே இல்லை. தூக்க முடிந்தவர்களைத்தான் நினைத்தார். தூக்க முடியாதவனுக்கு உள்ளேதான் பிழைப்பு, தூக்க முடிந்தவன் எங்கேயும் தூக்கிக்கொள்வான் என்பது அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

"எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்பா" என்றார் பெருசு. ஆனால் எழுந்து போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அதுவே சம்மதம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆறு பேர் கிடங்குக்குப் போனார்கள். போகும்போது வேறு தெரு வழியாகப் போனார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மீதி ஆறு பேரில் இரண்டு பேர் அந்த வாரமே வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் மர வாடியிலேயே ஒட்டிக்கொண்டார்கள். மேஸ்திரியும் கம்பியும் மிச்சம்.

வீட்டில் மனைவி மூன்று வேளையும் தட்டை வைத்தாள். பேச்சை வைக்கவில்லை. "அவனேதான் வேண்டாம்னான்" என்று மேஸ்திரி ஒரு முறை சொன்னார். "வேண்டாம்னு சொல்ற அளவுக்கு அவனைக் கொண்டு வந்தது யாரு?" என்று அவள் கேட்டதோடு அது நின்றது. மறுநாள் அவள் தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள்.

சிமெண்ட் கடைக்காரர் ஒரு லாரி இறக்க ஆள் தேடினார். "ரெண்டு பேராவது இருந்தா வாங்க, ஒத்தை ஆளை வச்சு நான் என்ன பண்ண?" என்றார். மேஸ்திரி போய் நின்றபோது கம்பி அங்கே ஏற்கெனவே நின்றிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு வழியில்லை. ஒருவன் லாரி மேலே ஏறி மூட்டையை விளிம்புக்கு நகர்த்தினால்தான் மற்றவன் முதுகில் வாங்கலாம்.

மேஸ்திரி மேலே ஏறப் போனார்.

"இடுப்பை வச்சுக்கிட்டு மேல ஏறாதீங்க. கீழ நில்லுங்க" என்றான் கம்பி. மரியாதை திரும்பி வந்திருந்தது. அது பழைய மரியாதை அல்ல, தெரியாத ஆளிடம் காட்டுகிற மரியாதை.

பாதி லாரி இறங்கியது. சிமெண்ட் தூசி இருவர் முகத்திலும் அப்பி, யார் மாமன் யார் மச்சினன் என்று தெரியாத மாதிரி ஆக்கியது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் மேஸ்திரி கேட்டார்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"மருந்து குடுத்திருக்காங்க. அக்கா வந்து பாத்துக்குது."

"நீயும் வீட்டுப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. உங்க அக்கா என்னோட பேசறதில்லை."

கம்பி குவளையைக் கவிழ்த்து வைத்தான். "எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லைன்னு அக்காகிட்டச் சொல்லிடுங்க. ஆனா வரமாட்டேன். அங்க வந்து உட்கார்ந்தா நீங்க ஏதாவது சொல்லுவீங்க. நான் சரின்னு தலையாட்டுவேன். எனக்கு என் மேல நம்பிக்கை இல்லை மாமா."

அவன் எழுந்து லாரி மேல் ஏறினான். கடைக்காரர் உள்ளேயிருந்து வெயில் ஏறுகிறது என்று சத்தம் போட்டார். மேஸ்திரி துண்டை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு குனிந்து நின்றார். மூட்டை வந்து விழும் நேரத்துக்காகக் காத்திருந்தார். அது கொஞ்சம் தாமதித்தது. மேலே கம்பி, அவருடைய இடுப்பு நோகாத பக்கமாக மூட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.